பதினாலு மெகாபிக்சலில் பெண் பார்த்த கதை

எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்த வருடம் என் அண்ணன் ஒரு கேமரா வாங்கினான். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவனுடைய கூட்டாளி ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. சோப்புப் பெட்டி அளவு, வெள்ளி நிறம், பொத்தானை அழுத்தினால் முன்பக்கத்திலிருந்து மூக்கு நீளும். பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததை எல்லாம் அவன் கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தான். பதினாலு மெகாபிக்சல். ஐந்து மடங்கு ஆப்டிகல் ஜூம். இருபது மடங்கு டிஜிட்டல் ஜூம். கை நடுக்கத்தைத் தாங்கும். முகத்தைக் கண்டுபிடிக்கும். சிரிப்பைக் கண்டுபிடிக்கும்.

அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "போர்ல தண்ணி எத்தினி அடில இருக்குதுன்னு கண்டுபிடிக்குமா?" என்று கேட்டார். அண்ணன் இல்லை என்றான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

எங்கள் வீடு வளவனூரை ஒட்டிய ஒரு ஊரில். அண்ணனுக்கு விழுப்புரத்தில் டிராக்டர் உதிரி பாகக் கடையில் வேலை. எனக்கும் விழுப்புரத்தில்தான், ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலையில் ஊசி குத்துவேன், மத்தியானம் மைக்ரோஸ்கோப் பார்ப்பேன். இருபத்தேழு வயது. எங்கள் உறவில் இருபத்தேழு என்பது பெண்ணின் வயதாகக் கருதப்படுவதில்லை, குடும்பத்தின் மேல் உள்ள ஒரு புகாராகவே கருதப்படுகிறது.

மெகாபிக்சல் என்றால் என்ன என்று அண்ணி கேட்டாள். "எவ்ளோ மெகாபிக்சலோ அவ்ளோ கலரா வரும்" என்றான் அண்ணன். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். அந்தக் கேமரா எடுக்கும் படத்தில் ஒரு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள் இருக்கும், அவ்வளவுதான் விஷயம். அத்தனை புள்ளிகளையும் வாங்கிக்கொள்ளும் சென்சார் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. விழுப்புரம் டவுன் பஸ்ஸில் காலை எட்டரைக்கு ஏறியவர்களுக்கு அந்தப் புள்ளிகளின் நிலைமை புரியும். இதெல்லாம் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அண்ணன் சொன்னதே எங்களுக்கு விஞ்ஞானம்.

ஜூமைச் சோதிக்க எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனான். தூரத்தில் ரயில்வே கேட் பக்கம் ஒரு கம்பத்தில் காக்கை உட்கார்ந்திருந்தது. ஆப்டிகல் ஜூமில் கம்பம் வந்தது. அது போதாது என்று இருபது மடங்குக்குப் போய் எடுத்து, திரையை அம்மாவிடம் காட்டினான். "பாரு, காக்கா." அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எந்தக் கட்டம் காக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் லென்ஸை மாற்றினால் முன்பு தெரியாதது புதிதாகத் தெரியும். ஏற்கெனவே கிடைத்த படத்தை இழுத்து நீட்டினால் கறைதான் நீளும். டிஜிட்டல் ஜூம் செய்வது இந்த இரண்டாவது வேலையை. இதை அண்ணனிடம் சொன்னேன். ரத்தம் பார்க்கிறது வேறு, ஃபோட்டோ வேறு என்றான். தான் வாங்கிய பொருளைப் பற்றி வீட்டுப் பெண் ஒருத்தி சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் வசதி அந்த மாடலில் இல்லை.

வரன் பார்க்கும் தரகர் என் ஃபோட்டோ கேட்டிருந்தார். அம்மா விழுப்புரத்தில் ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றாள். வீட்டில் பதினாலு மெகாபிக்சலை வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போவது அவமானம் என்றான் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை, காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, பதினொன்றரை மணிக்கு என்னை வீட்டின் பக்கச் சுவர் முன்னால் நிறுத்தினார்கள். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர், வெள்ளை வெளேரென்று இருந்தது. உச்சி வெயில். அண்ணியின் சந்தன நிறப் பட்டுப் புடவை. என் கண்ணுக்குக் கீழே புருவத்தின் நிழல் விழுந்து, இரண்டு நாள் தூங்காதவள் போல இருந்தேன். அதைச் சரிசெய்ய அண்ணன் ஃபிளாஷ் போட்டான். நின்ற தூரமோ இருபதடி. அந்த ஃபிளாஷின் வெளிச்சம் பத்தடி தாண்டினால் திரும்பிப் போய்விடும். அவன் முன்னால் வரவில்லை. முழுப் புடவையும் தெரிய வேண்டுமாம்.

படத்தில் சுவர் பிரமாதமாக வந்திருந்தது. நான் சுவரில் கரி பிடித்த இடம் போல இருந்தேன்.

அடுத்து சிரிப்பைக் கண்டுபிடிக்கும் வசதியைப் போட்டான். எதிரில் இருப்பவர் சிரித்தால் கேமரா தானாகவே படம் எடுத்துக்கொள்ளும், அதுவரைக்கும் எடுக்காது. அண்ணனுக்குப் பின்னால் நின்ற அம்மா, "பல்லைக் காட்டாதடி, அடக்கமா இரு" என்றாள். அண்ணன் சிரி என்றான். கேமரா சிரிப்புக்காகக் காத்திருந்தது. அம்மா அடக்கத்துக்காகக் காத்திருந்தாள். நான் வெயிலில் நின்றேன். பெண் ஃபோட்டோவில் எவ்வளவு சிரிக்கலாம் என்பதில் கேமராவைச் செய்த ஜப்பான்காரனுக்கும் என் அம்மாவுக்கும் கருத்து ஒற்றுமை ஏற்படவே இல்லை. கடைசியில் அண்ணியின் இடுப்பிலிருந்த ஒரு வயதுக் குழந்தை ஒரு பக்கமாக எட்டிப் பார்த்துச் சிரித்தது. கேமரா உடனே எடுத்தது. குழந்தை அழகாக வந்திருந்தது. ஓரத்தில் என் முழங்கை இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் மெனுவைத் துழாவி 'பியூட்டி மோடு' என்பதைக் கண்டுபிடித்தான். ஒன்றிலிருந்து ஐந்து வரை அளவு வைத்துக்கொள்ளலாம். ஒன்று வைத்தால் பரு லேசாக மறையும். என் அண்ணன் எதையும் முழுசாகச் செய்கிறவன். ஐந்து வைத்தான்.

திரையில் வந்த பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பருத் தழும்பு இல்லை. மேலுதட்டு ஓரத்தில் எனக்கிருக்கும் மச்சம் இல்லை. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் எல்லைக் கோடு இல்லை. நிறம், அண்ணி குழந்தைக்குப் போடும் பவுடர் டப்பாவின் நிறம்.

"இது நான் இல்லம்மா" என்றேன்.

"நீதான். பொடவையைப் பாரு" என்றாள் அம்மா.

விழுப்புரத்தில் பிரிண்ட் போட்டார்கள். ஒன்று தரகருக்குப் போனது. பத்தே நாளில் திண்டிவனத்திலிருந்து பதில் வந்தது. மாப்பிள்ளை அங்கே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் வாத்தியார். அவர்களும் ஒரு ஃபோட்டோ அனுப்பியிருந்தார்கள். ஸ்டுடியோவில் எடுத்தது, கோட்டு சூட்டு, தலை நிறைய முடி. கோட்டு கழுத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கும் கோட்டு அது. அதைச் சொன்னால் வந்த வரனை நொட்டை சொல்கிறாள் என்பார்கள். சொல்லவில்லை.

ஒரு வேனில் எட்டுப் பேர் வந்தார்கள். கூடத்தில் பாய் போட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கேசரி, பஜ்ஜி. நான் அதே சந்தன நிறப் புடவையில் காபித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, முதலில் மாப்பிள்ளையின் பெரியம்மாவிடம் நீட்டினேன். அந்த அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு எனக்குப் பின்னாலிருந்த அறை வாசலைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். மறுபடியும் அறை வாசலைப் பார்த்தார்.

"நேரம் ஆவுதுங்க. பொண்ணை வரச் சொல்லுங்க" என்றார்.

தட்டில் இன்னும் ஏழு டம்ளர்கள் இருந்தன. அவை ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்க ஆரம்பித்ததால்தான் என் கை நடுங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஊசி குத்தும்போது ஒருநாளும் நடுங்காத கை. அந்தக் கேமராவிலிருந்த நடுக்கம் தாங்கும் வசதியை மனிதர்களுக்கு யாரும் இன்னும் வைக்கவில்லை.

"இதாங்க பொண்ணு" என்றாள் அம்மா.

பெரியம்மா கைப்பையைத் திறந்து ஃபோட்டோவை எடுத்தார். ஃபோட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அது கை மாறிக் கை மாறி எட்டுப் பேரிடமும் போய் வந்தது. நானும் அந்த நேரத்தில் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். கோட்டு இல்லை. ஃபோட்டோவிலிருந்த முடியில் பாதி வேனிலேயே தங்கிவிட்டது போலிருந்தது. ஆனால் மாப்பிள்ளையை வரச் சொல்லுங்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அம்மா தரகரைத் திட்டினாள், திண்டிவனத்தைத் திட்டினாள், வெயிலில் அலைந்து நான் கறுத்துப்போனதாகச் சொல்லி என்னையும் திட்டினாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். உனக்கு நல்லது என்றுதான் பண்ணினேன் என்று முணுமுணுத்தான். அவன் சொன்னது உண்மைதான், அதனால்தான் அவனைத் திட்டவும் முடியவில்லை. கை கழுவ எழுந்த அப்பா நின்று, "அந்தப் படத்துல என் பொண்ணு எங்க இருக்குது?" என்று அம்மாவிடம் கேட்டார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். பெரியம்மா கேட்டபோது வரவில்லை.

மறுநாள் கேமராவை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் தடுக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு புத்தகம் பிரிக்காமலே கிடந்தது, கேமராவை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒன்பது மொழிகளில். தமிழ் இல்லை. ஆங்கிலப் பக்கங்களை வளவனூருக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் பஸ்ஸில் படித்தேன். இரண்டு வாரம் ஆனது.

எங்கள் வீட்டில் எவரும் எனக்கு இவ்வளவு தெளிவாக எதையும் விளக்கியதில்லை. லென்ஸுக்குள் இருக்கும் துளைக்கு அபர்ச்சர் என்று பெயர். எண் சிறியதாக இருந்தால் துளை பெரிது, எண் பெரியதாக இருந்தால் துளை சிறிது. அரசாங்க அலுவலகத்தில் காரியம் முடித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தலைகீழ் கணக்கு சுலபமாகப் புரியும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர் வேகம். வெகுநேரம் திறந்திருந்தால் அசைகிறவர்கள் ஆவி போல வருவார்கள். நடுக்கம் தாங்கும் வசதி எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரில் குதிக்கும் குழந்தையை ஒன்றும் செய்யாது. ஐ.எஸ்.ஓ. என்பது வெளிச்சத்தை எவ்வளவு உணர்ச்சியோடு வாங்கிக்கொள்வது என்பதன் அளவு. கூட்டிக்கொண்டே போனால் இருட்டிலும் படம் வரும், ஆனால் மேலெல்லாம் ரவை தூவியது போலப் பொரிப்பொரியாக இருக்கும். அந்தக் கேமராவில் அதன் உச்சம் மூவாயிரத்து இருநூறு; என் அம்மாவின் உணர்ச்சி எப்போதும் அங்கேதான். பொத்தானை முதலில் பாதி அழுத்த வேண்டும், கேமரா கவனிக்கட்டும், பிறகு மீதியை அழுத்த வேண்டும். அண்ணன் ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டிருந்தான்.

இதில் ஒரு பக்கத்தை மட்டும் நான் மூன்று முறை படித்தேன். எதிரில் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கேமரா நினைத்துக்கொள்கிறதாம். வெள்ளைச் சுவர் முன்னால் ஒருவரை நிறுத்தினால், ஐயோ வெளிச்சம் அதிகம் என்று பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். சுவர் அதற்கு ஏற்ற நிறத்துக்கு வரும், ஆள் கரியாகிவிடுவார். அதைச் சரிசெய்யக் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது, எக்ஸ்போஷரைக் கூட்டச் சொல்லி. அதாவது அன்றைக்கு நான் கரியாக வந்ததற்குக் காரணம் என் நிறம் இல்லை. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு. அந்தக் குற்றத்துக்குத்தான் எனக்கு ஐந்தாம் நம்பர் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் வேர்க்கடலை வாசமடிக்கும் மல்லாட்டை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு மோட்டார் கொட்டகைப் பக்கம் போனேன். கட்டியிருந்தது நான் வேலைக்குக் கட்டும் நீலப் பருத்திப் புடவை. பின்னால் கரும்பு, இருட்டுப் பச்சை. வெயில் பக்கவாட்டில் மெல்ல வந்தது. கேமராவைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்து, பியூட்டி மோடு அணைத்து, ஃபிளாஷ் அணைத்து, பின்னால் கரும்பு இருட்டாக இருந்ததால் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து, பத்து விநாடி செல்ஃப் டைமர் போட்டேன். சிவப்பு விளக்கு மினுக்க மினுக்க ஓடிப்போய் நின்றேன். முதல் படத்தில் என் முதுகு. இரண்டாவதில் புடவை வரப்பில் மாட்டிக்கொண்டது. ஆறாவது படத்தில் நான் இருந்தேன். மச்சம், பருத் தழும்பு, இடது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த வெட்டு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஓடி வந்த மூச்சிரைப்பில் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒட்டுகிற படம் மாதிரி இருக்கிறது என்றாள். நான் ஐந்து பிரிண்ட் போட்டிருந்தேன். அப்பா ஒன்றும் கேட்காமல் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பிப்போய், வளவனூர் டீக்கடையில் தரகரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று வீட்டார் படத்தைப் பார்த்த உடனேயே வேண்டாம் என்றார்கள். நல்ல வசதி. வேன் வைத்து வந்து எங்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்வதைவிட இது எல்லோருக்கும் சௌகரியம். அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான்காவதாக ஒலக்கூர் பக்கத்திலிருந்து ஒரு ஃபோட்டோ வந்தது. நிலம் வைத்திருக்கும் குடும்பம், பையன் திண்டிவனத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை நடத்துகிறான் என்றார் தரகர். கடை வாசலில் ஃபோனில் எடுத்த படம். பின்னால் ஒரே வெயில்; எதிர்வெளிச்சத்தில் முகம் முழுக்கக் கறுப்பு. பல் மட்டும் தெரிந்தது. எந்த ஊர் ஸ்டுடியோவும் தொடாத படம். இவரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்று அம்மா கவலைப்பட்டாள். பொய்யாக ஒன்றும் தெரியவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர்கள் பஸ்ஸில் நான்கு பேர் வந்தார்கள். பையனின் அம்மா வெயிலில் நடவு பார்க்கும் பெண்மணி என்பது பார்த்த உடனே தெரிந்தது. நான் தட்டோடு வந்து நின்றதும் அவர் காபியை எடுக்கவில்லை. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். என் ஃபோட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்படியே இருக்குது" என்றார் அந்த அம்மா. பிறகு காபியை எடுத்துக்கொண்டார்.

என்னைப் பற்றி யாரும் அதுவரைக்கும் அப்படி ஒரு பாராட்டுச் சொன்னதில்லை.

பையனோடு கொஞ்சம் பேசச் சொல்லி எங்களைத் தோட்டப் பக்கம் அனுப்பினார்கள். அவருக்கு முகம் இருந்தது, சாதாரணமான முகம். காயில் கட்டிக் கட்டி விரல் நுனி எல்லாம் காய்த்துப் போயிருந்தது. வெகுநேரம் மோட்டார் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தொழில் புத்தி. பிறகு கேட்டார்:

"அந்த ஃபோட்டோ யாருங்க எடுத்தது?"

"நான்தாங்க."

"நீங்க எடுத்தா, நீங்க எப்படிங்க அதுல இருப்பீங்க?"

தொட்டியைக் காட்டினேன். பத்து விநாடி, ஓடியது, முதுகு வந்தது, புடவை மாட்டியது எல்லாம் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். ஒரு மோட்டார் ஏன் எரிந்தது என்று வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பது போன்ற கவனம்.

"என்னைக் கடைப் பையன்தான் எடுத்தான்ங்க. வெயிலுக்கு எதிர்ல நிக்க வெச்சிட்டான். கரித்துணி மாதிரி வந்துட்டேன்."

"பல்லு தெரிஞ்சிதுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். அதே பல்தான்.

நிச்சயதார்த்தத்தைத் திருவாமாத்தூர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் வைத்தார்கள். அண்ணன்தான் படம் எடுப்பதாக முடிவானது. நான் மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தேன். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டு மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் குனிந்து நடந்து என் பக்கத்தில் வந்து குந்தினான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எல்லாம் பச்சையா வருதும்மா. பேஜாரா கீது. ஐ.எஸ்.ஓ. எவ்ளோ வைக்கட்டும்?" என்று காதோரம் கேட்டான்.

என் அண்ணன் என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. கேமராவை வாங்கினேன். மண்டபத்தில் முழுக்க டியூப் லைட். எந்த வெளிச்சம் என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை வெயிலுக்கு வைத்திருந்தான், அதனால்தான் பச்சை. அதை டியூப் லைட்டுக்கு மாற்றினேன். ஐ.எஸ்.ஓ. எண்ணூறு வைத்தேன். மெனுவில் பியூட்டி மோடு அணைந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வளையல் கையோடு இதையெல்லாம் செய்ய நேரமானது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, பெண் இந்தப் பக்கம் கவனிக்க வேண்டும் என்றார். என் அம்மா கண்ணாலேயே என்னை எரித்தாள்.

எதிர்ப்பக்கம் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற என் வருங்கால மாமியார் அவசரப்படவில்லை.

"கொஞ்சம் இருங்க சாமி" என்றார். "பொண்ணு வேலையா இருக்குது."